சங்கத்துக் குளிர்பெட்டி

பதிவேட்டில் இது முந்நூற்றுப் பதினோராவது வீடு.
சூரியம்பாளையம், இரவு ஒன்றேகால்.
வாடகைக் கட்டத்தில் வழக்கம்போல் ஒரு கோடு.

பெட்டிக்கு நாலு கைப்பிடி.
முன்னால் செங்கோடன், பின்னால் அர்த்தநாரி;
மற்ற இரண்டில் நானும் அந்த வீட்டு மருமகனும்.

ராய்ப்பூர்ப் பக்கம் ஒரே ஸ்டவ்வில் சமைத்துத் தின்று
ஆறு வருஷம் பாறை துளைத்தவர்கள் அவர்கள்.
ரிக் லாரிக் கணக்கில் பிரிந்தார்கள்.
மாதக் கூட்டத்தில் ஆளுக்கொரு கோடியில் நாற்காலி,
நடுவே தீர்மானங்கள், காராச்சேவு,
நிதி கேட்டுச் சுற்றும் உண்டியல்.

வாசல் குறுகல்.
"அக்கட்ட சாய்க்காத."
"நீ மொதல்ல ஏறு."
"படி இருக்குது, பாத்து."
மூன்று வருஷத்தில் பேசியது இவ்வளவு.

ப்ளக் பொருந்தவில்லை.
செங்கோடன் ஒயரைப் பல்லால் சீவ,
டார்ச் வெளிச்சம் கேட்காமலே வந்து நின்றது
சரியாக அவர் விரல் மேல்.
கம்ப்ரஸர் முனகி எழுந்ததும்
இருவரும் ஒருசேரக் காது சாய்த்தார்கள்:
சத்தத்தில் கோளாறு தேடும் ரிக் வண்டிக்காரர் பழக்கம்.
பக்கத்து அறையில் அழுகை மறுபடி தொடங்கியது.

தெருமுனையில் இரண்டு பைக் இரண்டு பக்கம் திரும்பின.
பெட்டியைத் திரும்ப எடுக்க நாளை நாலு மணி.
தனித்தனியாக, என்னிடம் மட்டும்
சொல்லிவிட்டுத்தான் போனார்கள்:
"வந்தர்றனுங்க."