ஏழாம் சீர்

ஒற்றன் மூக்கன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சொன்னான்.
சுவருக்குக் காது வைக்கிறவனுக்கே
சுவரிடம் பயம்.

அவனியாபுரத்துச் சாந்துக் குழியில்
உலக்கை போடும் பெண்களுக்கு நடுவே கேட்டதாம்:

முட்டை விழுங்கிய தூணே விடியலில்
கொக்கரக்கோ என்று கூவு.

“எழுதும் ராயசம்” என்றார் தளவாய்.
“எழுதினால்தான் அது குற்றம்.”

அந்த முட்டைக் கணக்கு எனக்குத் தெரியும்.
தலைக்கட்டுக்கு வாரம் பன்னிரண்டு,
நானே வரிசை போட்டு எழுதியது.
வெண்கரு சாந்துக்கு, மஞ்சள்கரு குதிரை லாயத்துக்கு.
அடைக்கு வைக்க ஒன்றும் மிஞ்சாமல்
விளாங்குடி, கோச்சடை, அச்சம்பத்து எங்கும்
சேவல் இல்லாமல் விடிந்தது.
தூண்கள் மட்டும் வளர்ந்தன,
கை வைத்தால் வழுக்கும் வெள்ளையாய்.

எழுத்தாணியை ஓலையில் ஊன்றினேன்.
முதல் ஆறு சீரும் வெண்பாவுக்கென்றே பிறந்தவை.
ஏழாவதில் தளை தட்டியது.
வரி எழுதியே காய்த்துப்போன விரல் இது,
முப்பது வருடமாய் ஒரு பாட்டு எழுதியதில்லை.
இருந்தும் பொறுக்கவில்லை.
‘கூவு’ என்பதை விட்டுவிட்டு
‘என்றே எழுப்பு’ என்று முடித்தேன்.
மை தடவித் துடைத்தபோது
எழுத்து பளிச்சென்று நின்றது.

நடுவில் ஒரு ‘நீ’ சேர்த்திருந்தாலும் போதும்.
‘என்றுநீ கூவு.’
தளை சரியாகியிருக்கும்,
கேலி கேலியாகவே இருந்திருக்கும்.
ஏன் சேர்க்கவில்லை என்று
இன்றுவரை என்னை நான் விசாரிக்கவில்லை.

நான்கு பிரதி கேட்டார்கள், கோட்டை வாசலுக்கு ஒன்றாக.
பாடுகிறவனைப் பிடிக்க வேண்டுமானால்
பாட்டு தெரிய வேண்டுமே.
காவலர்களுக்கு எழுத்து தெரியாது.
முறை மாறும்போதெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினார்கள்,
மறக்காமலிருக்க இரண்டு தடவை,
நெல்வண்டிகள் சுங்கத்துக்குக் காத்து நிற்கும் இடத்தில்.

எட்டாம் நாள் கீழமாசி வீதியில்
வெற்றிலைக் கவுளி எண்ணுகிறவன்
எண்ணிக்கைக்கு நடுவே முணுமுணுத்தான்: எழுப்பு.
ஆற்றுக்கு அக்கரை செல்லூர்த் தறிக்குழியில்
மிதிக்கு ஒரு தரம்: எழுப்பு.
பிறகு சொல்லே தேவைப்படவில்லை.
நடுச்சாமத்தில் யாரோ சேவலாய்க் கூவினார்கள்.
வடக்கு வாசல் பக்கமிருந்து பதில் வந்தது.
அகழிக்கு அப்பால் இன்னொன்று,
அது பெண் குரல்.
மூக்கன் வந்து நின்றான்.
“சொல்லே இல்லை ஐயா, வெறும் கொக்கரக்கோ.
எப்படி எழுதுவீர்கள்?”
எழுதவில்லை.

அமாவாசைக்கு மறுநாள் சடைச்சியைப் பிடித்து வந்தார்கள்.
முழங்கைவரை சுண்ணாம்பில் வெந்த கை.
“பாடு” என்றார் தளவாய்.
பாடினாள்.
பயம் இருந்தது, முழங்காலில் தெரிந்தது,
குரல்வரை ஏறவில்லை.
கடைசியில் ‘கூவு’ என்று முடித்தாள்.

தளவாய் ஓலையைப் பார்த்தார்.
மூக்கன் என்னைப் பார்த்தான்,
பிறகு தன் கால் கட்டைவிரலை.

“இது வேறு பாட்டு” என்றார் தளவாய்.
கொட்டாவி விட்டார்.
ராத்திரியெல்லாம் அவருக்கும் தூக்கம் இல்லை.
“போகச் சொல்.”

வாசல்வரை நான்தான் கூட்டிப்போனேன்.
ஒரு கும்பிடு எதிர்பார்த்தேனோ என்னவோ.
அவள் படியில் நின்று
முந்தானையால் கையைத் துடைத்தாள்.

“எவனோ என் பாட்டக் கெடுத்துட்டான் சாமி.
தூணு கூவுனாத்தான சிரிப்பு வரும்?
எழுப்புங்கிறான்.
எழுப்புறதுக்கு
நாங்க என்ன தூங்கிக்கிட்டா இருக்கோம்?”