பதினேழாம் வரிசை

பூங்காவை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்களாம்.
எங்களுக்குத் தெரியாது.
திற்பரப்பில் ஆற்றைப் பார்த்த புல்வெளியில்
நான்கு முளையில் மூன்றை அடித்து முடித்தபோது
கோலப்பன் விசிலோடு வந்தார்.
"ஆறு இங்க கெடக்கும். நீங்க கெடக்கப்பிடாது."
மேலே அணையில் ராத்திரி தண்ணீர் திறந்தால்
வந்து எழுப்ப அவருக்கு ஆளில்லை.
காணாமல்போன நான்காவது முளையை
சறுக்குமரத்தின் அடியிலிருந்து
அவரே தேடி எடுத்துத் தந்தார்.
"டென்னிசனுக்க விளையில கேட்டுப் பாருங்க.
பைசா வாங்குவாரு. ஆனா விரட்டமாட்டாரு."

டென்னிசன் வீட்டு முகப்பில்
கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் கழற்றாமல் எரிந்தது,
தை பிறந்து நாலு நாளாகியும்.
ஐந்நூறு ரூபாய்க்கு ரசீது தந்தார்,
ரப்பர் ஷீட் கணக்குப் புத்தகத்தில் கிழித்தது.
'எடை' என்ற கட்டத்தில் எங்கள் பெயர்கள்.
'தரம்' என்ற கட்டத்தைச் சும்மா விட்டார்.
தீ மூட்டக்கூடாது, சருகு.
மரத்தில் கயிறு கட்டக்கூடாது, பட்டை.
ஆற்றுக்கு இறங்கும் படிகளில்
மூன்றாவது படி இல்லை.
இதைப் போகும்போதும் சொன்னார்,
விளக்கோடு திரும்பி வந்தும் ஒருமுறை சொன்னார்.

ஷைனி படுத்ததும் உறங்கிவிட்டாள்.
சரிவான நிலம்.
எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாய்
ஆற்றின் பக்கம் உருட்டிக்கொண்டிருந்தது.
நடுநிசியில் அவள் பாதி என்மேல்,
நான் பாதி துணிச்சுவர்மேல்,
துணிச்சுவருக்கு அப்பால் பனி.
இருட்டில் தண்ணீர் பாறையோடு
என்னவோ வழக்குப் பேசிக்கொண்டிருந்தது.
தீர்ப்பாகவில்லை.

மூன்று மணி இருக்கும்.
ஒரு வெளிச்சம்.
நின்றது. நகர்ந்தது. நின்றது.
மரத்துக்கு ஒரு மூச்சு நேரம்.
திருடனா என்று யோசித்தேன்.
திருடன் இத்தனை ஒழுங்காக வரமாட்டான்.
நின்றது. நகர்ந்தது.
கூடாரத்துக்கு முன்னால் வந்து
நகராமல் நின்றது.

"உள்ள ஆளு உண்டா?
இது பதினேழாம் வரிசையாக்கும். எனக்குப் போணும்."

புஷ்பபாய்.
நெற்றியில் விளக்கு, நைட்டிக்கு மேல் ஓர் ஆண்சட்டை,
கையில் பால்வெட்டும் கத்தி.
முளைகளைப் பிடுங்கினோம்.
பைகள் உள்ளே இருக்க,
ஷைனியின் ஒற்றைச் செருப்பும் உள்ளே இருக்க,
மூன்று பேருமாய்த் தூக்கினோம் கூடாரத்தை,
திருவிழாச் சப்பரம்போல.
இறக்கிவைத்த இடம் இன்னும் சரிவு.

"இங்க ஒறங்கதுக்கு எவ்வளவு குடுத்திய?"
"ஐந்நூறு."
கத்தி பட்டையில் பாதி வழியில் நின்றது.
"எனக்கு முழிச்சிருக்கதுக்கு
நல்ல நாளில கிட்டுகது அவ்வளவுதான்."
பிறகு சிரித்தாள், எங்களை நோக்கி அல்ல,
வீட்டுப் பக்கம் திரும்பி.
"அப்ப இன்னைக்கு எனக்க கூலி
நீங்க குடுத்ததாக்கும்.
டென்னிசன் கெட்டிக்காரன்."

வெட்டின கோட்டில் வெள்ளை எழுந்து
சாய்ந்து ஓடிச் சிரட்டைக்குள் சொட்டியது.
நான் ஒன்று வெட்டிப் பார்க்கட்டுமா என்றாள் ஷைனி.
"வேண்டாம் மக்கா.
ஆழமாப் பட்டா மரம் வருசக்கணக்கில முகங்குடுக்காது."
பதினெட்டாம் வரிசைக்குப் போய்விட்டாள்.
நின்றது. நகர்ந்தது.
அதற்குப் பிறகு படுத்தோம்.
இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு
உறங்காமல் கிடந்தோம்,
காசு கொடுத்திருந்தும்.

காலையில் டென்னிசன் கட்டன்சாயா கொண்டுவந்தார்.
நல்லா ஒறங்கினியளா என்று கேட்டார்.
நல்லா உறங்கினோம் என்றோம்.
மூன்றாவது படியைத் தாண்டி ஆற்றில் இறங்கி
முகம் கழுவினோம். வெள்ளம் குளிர்ந்து
பல்லில் ஏறியது.

வடசேரியில் மொட்டைமாடியில்
கூடாரத்தைக் காயப்போட்டபோது பார்த்தேன்.
ஒரு ரூபாய் அகலத்தில் கறை,
வெள்ளையாய் விழுந்து பழுப்பாய் மாறியது.
மூன்று முறை துவைத்தாயிற்று.
நகத்தால் ஓரத்தைக் கிளப்பி இழுத்தேன்.
வந்தது, நீளமாய், விரல் வரைக்கும்.
விட்டதும்
திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது.