பச்சைக் காய்

மூன்று பெருஞ்சாலைகள் நெருக்கிப் பிடித்த
முக்கோணத்துக்குள் இருக்கிறது தோட்டம்.
நுழைவுச் சீட்டு கிடையாது.
பத்தடி உள்ளே போய்விட்டால்
பேருந்துகளின் பிரேக் சத்தம் மட்டும்
கம்பி வேலியைப் பிடித்து நின்று பார்க்கிறது.

புவெனஸ் ஐரிஸில் ஆகஸ்ட் குளிர்காலம்.
கப்பல் சரக்கிறக்கி முடிக்க இன்னும் ஐந்து மணி நேரம்.
என்ன தேய்த்தும் எண்ணெய் போகாத நகங்களைச்
சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு
பலகை பலகையாக எழுத்துக்கூட்டி வந்தேன்.
லத்தீனில் ஒரு பெயர்,
ஊரார் கூப்பிடும் பெயர்,
பிறந்த நாடு.
மரத்துக்கும் கடவுச்சீட்டு.

குடித்த கட்டை என்று பெயராம் இதற்கு.
தொந்தி சரிந்து, உடம்பெல்லாம் முள்ளாய்
நிற்க முடியாமல் நிற்கிறது.
மேலே தொங்கிய காயைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது,
நம் இலவுக்குப் பங்காளி.

அதன் அடியில் பெஞ்சு.
பெஞ்சில் ஒரு பெண்,
அவள் மடியில் ஊதா நிறக் கோப்பு,
கோப்பின்மேல் சாம்பல் பூனை.
பூனை அவளுடையதல்ல, தோட்டத்தினுடையது.
அது எழுந்தால்தான் இவள் எழ முடியும்.

பெயர் நெலிதா ஸ்கார்பினோ.
சிக்கலே அதில்தான்.
கொள்ளுத்தாத்தா கலாப்ரியாவிலிருந்து வந்திறங்கிய அன்று
துறைமுகத்தில் எவனோ ஒரு குமாஸ்தா
‘னோ’வை ‘னி’ ஆக்கிவிட்டான்.
அந்த ஒற்றை எழுத்தைத் திருத்த
ஏழு வருடம்,
நான்கு முத்திரை,
மிலானில் வேலை தேடிப் போய்
வழி பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மகன்.
இன்று காலை தூதரகத்தில்
இன்னொரு தேதி கொடுத்திருக்கிறார்கள்.
எப்போது என்று கேட்டேன்.
இரண்டு விரலைக் காட்டினாள்.
மாதமா?
சிரித்தாள்.

என்னிடம் இருப்பது நாற்பது ஸ்பானிய வார்த்தை,
பாதி சாப்பாடு, மீதி திட்டு.
அதை வைத்துக்கொண்டு
இலவு காத்த கிளியைச் சொல்லப் போனேன்.
கிளிக்குக் கையைச் சிறகடித்தேன்.
காய்க்கு மேலே காட்டினேன்.
பழுக்கும் பழுக்கும் என்று அது உட்கார்ந்திருந்ததை
நானே உட்கார்ந்து காட்டினேன்.
கடைசியில் வெடித்துப் பறந்த பஞ்சுக்கு
வார்த்தை கிடைக்காமல்
வாயால் ஊதினேன்.
பூனை ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

உங்கள் கிளி முட்டாள், என்றாள் நெலிதா.
மேலே பார்.

ஏழெட்டு இருக்கும்.
சாம்பல் நெஞ்சு, பச்சை முதுகு, ஓயாத வாய்.
பழுக்கக் காத்திருக்கவில்லை ஒன்றும்.
பச்சைக் காயை அலகால் கிழித்து
விதையை உருவித் தின்றுவிட்டு
ஈரப் பஞ்சைத் துப்பிக்கொண்டிருந்தன.
துப்பியதில் ஒரு கட்டி
கோப்பில் விழுந்து
கொள்ளுத்தாத்தாவின் பிறந்த ஊர்மேல் ஒட்டிக்கொண்டது.
அவள் துடைக்கவில்லை.
ரொட்டியைப் பிட்டுப் பாதி எனக்குத் தந்தாள்.
நகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

விசில்.
மூடும் நேரம்.
குழந்தை வண்டிகள், செஸ் கிழவர்கள்,
முத்தத்தைப் பாதியில் நிறுத்திய ஒரு ஜோடி,
எல்லோரும் வாசலுக்கு ஒழுகினார்கள்.
காவலர் எங்கள் பெஞ்சுவரை வந்துவிட்டார்.
பூனையை எழுப்புங்கள் அம்மா, என்றார்.
என் பூனை இல்லையே, என்றாள்.
கோப்பு?
அது என்னுடையது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பூனையைப் பார்த்தார்.
விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
அடுத்த பாதைக்குப் போய்
அங்கிருந்து ஊதினார்.