பதினாறு விநாடி

காலை எட்டரை. ராயக்கோட்டை மண்டி.
தக்காளி ஏலம் முந்நூற்றுப் பத்தில் நிற்கையில்
எங்கோ கீச்சென்றது.
எல்லோரும் போனைத் தடவினார்கள்.
என் சட்டைக்குள் என்று
எனக்கு மட்டும் தெரிந்தது.

"பேட்டரி தீரவில்லை" என்றார் ஓசூர் டாக்டர்.
"ஒன்பது வருஷம் சும்மா கிடந்ததில்
லித்தியத்தின்மேல் ஏடு படிந்துவிட்டது.
எட்டு விநாடியில் உதைக்கும்.
இப்போது பதினாறு கேட்கிறது."

எட்டு விநாடியில்
பெட்டிக்கு நாற்பது ரூபாய் ஏறும்.
மாதப்பன் லாரிக் கதவையே திறந்துவிடுவான்.
அடுத்த எட்டை
தரையில் கிடந்தபடி யார் எண்ணுவது?

புதுசு வைத்தாயிற்று.
கடைசி நாளிலும் முதல் நாள் வேகமாம்.
நம்புகிறேன்.
ஆனாலும் ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லி
மூன்றாவதுக்கு முன் நின்றுவிடுகிறேன்.

முனிராஜ் கத்துகிறான்:
"என்னண்ணா, கரண்டு போச்சா?"