முந்தின

புதுக்கடை கோட்டு வாசல். தட்டச்சு மேசை.
மரியதிரேசம்மா சொல்லச் சொல்ல அடிக்கிறேன்:
"என்ர முந்தின மனிசன்…"
'பிறீவியஸ்' என்று போட்டேன்.
பெரேரா லோயர் சிவப்பால் வெட்டினார்:
"பிறகு இன்னொருத்தன் வந்தால்தான் அது.
'ஃபோமர்' போடும்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம், தம்பி?"
"ஒண்டில அடுத்த ஆள் நிக்கிறார், அம்மா.
மற்றதில ஒருத்தருமில்லை.
அவர் இப்ப அவரில்லை, அவ்வளவுதான்."

வெற்றிலைக் கறை விரலால் அந்தச் சொல்லைத் தொட்டா.
"வத்தளை பஸ்ஸில எனக்கு முன்னால ஏறினவர்.
நான் ஏற முந்தியே பஸ் எடுத்திட்டான்.
அதுக்கு இங்கிலீசில என்ன?"

முன்னால்.
காலத்திலா, இடத்திலா?
இரண்டையும் ஒரே அடியில் பதிக்க
என் மெஷினில் எழுத்தில்லை.

ஸ்பேஸ் கட்டையை மூன்று தரம் தட்டினேன்.
பெரேரா கவனிக்கவில்லை.
முத்திரைக்கு ஐம்பது ரூபாய்
சில்லறையாக எண்ணி வைத்தா.