வாய்தா

சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு எதிரே
அமலி நெட் சென்டர்.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன்.
நான்கு கம்ப்யூட்டர் இருந்தன.
இரண்டை வெள்ளம் கொண்டுபோனது,
ஒன்றைத் தம்பி.
மிச்சம் இது.
விண்டோஸ் ஏழு, இரண்டு ஜிபி,
இடது பக்கம் தட்டினால் ஃபேன் இரைச்சல் அடங்கும்.

பிரவுசரைத் திறந்ததும் உச்சியில் மஞ்சள் பட்டை:
இந்தச் சாதனத்துக்கு இனி புதுப்பிப்புகள் கிடைக்காது.
தினமும் காலையில் அதைத் தள்ளிவிட்டுத்தான்
வாசலைப் பெருக்குவேன்.

வண்ணச் சக்கரம் முதலிலேயே கை கழுவிவிட்டது.
நரி மட்டும் நின்றது.
அதற்கும் கெடு வைத்தார்கள், செப்டம்பர் என்று.
பிறகு மார்ச் என்றார்கள்.
பிறகு மறுபடி செப்டம்பர்.
ஜெராக்ஸ் எடுக்க வந்த வக்கீல் கோதண்டபாணி
கேட்டுவிட்டுச் சிரித்தார்:
"வாய்தா வாங்கியே ஓட்டுதும்மா உன் மெஷினு.
என் கட்சிக்காரன் ஒருத்தன் இப்படித்தான்
பதினோரு வருஷம் காலி பண்ணாம குடியிருந்தான்."

புதுசு வாங்கலாம்.
வாங்கினால் இந்த ஸ்கேனர் அதோடு பேசாது.
டிரைவர் எழுதிய கம்பெனியே இப்போது இல்லை.
ஸ்கேனரும் வாங்கினால் பிரிண்டர் முறைக்கும்.
கூட்டிப் பார்த்துவிட்டு
கால்குலேட்டரை உறைக்குள் போட்டேன்.
பாதுகாப்பு இல்லை என்கிறது பட்டை.
ஷட்டர் பூட்டைப் பார்த்ததில்லை அது.

அன்றைக்குக் கடைசித் தேதி.
ராத்திரி பதினொன்றே கால்.
பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து வந்தார் தணிகைவேல்,
ஆஸ்பத்திரிகளிலிருந்து ஜாபர்கான்பேட்டை லேபுக்கு
ரத்தம் எடுத்துப் போகிறவர்.
ஐஸ் பெட்டியை ஸ்டூலில் வைத்தார்.
"அக்கா, கிளர்க் போஸ்ட்டு.
இன்னிக்குத்தான் பார்த்தேன். பன்னெண்டு மணி வரைக்கும்தானாம்."

தளம் திறக்கவில்லை.
உங்கள் பிரவுசர் பழையது. புதியதில் வரவும்.
பெட்டிக்குள் ஐஸ் நகரும் சத்தம்.

ஒரு வழி உண்டு.
ஆபத்து எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டு
உள்ளே போனால்,
போகிற இடமெல்லாம் பிரவுசர்
தன் பெயரும் வயதும் சொல்லிக்கொள்ளும் ஒரு வரி.
அதைத் திருத்தினேன்.
ஏழு இருந்த இடத்தில் பத்து.
நூற்றுப் பதினைந்தை அழித்து நூற்று நாற்பது.
மற்றபடி அதே மெஷின், அதே இரைச்சல்.
தளம் திறந்தது.
எதிர்வாசலிலும் அப்படித்தான்,
கறுப்புக் கோட்டு போட்டிருந்தால்
யார் என்று கேட்பதில்லை.

"செமக்கா" என்றார்.
பெயர். தகப்பனார் பெயர்.
சாதிச் சான்றிதழ் எண்.
பிறந்த தேதி, ஜூன் பன்னிரண்டு.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
வயது வரம்பைக் கடந்துவிட்டீர்கள்.

ஜூலை ஒன்றாம் தேதிக் கணக்கு.
அவர் விரல் விட்டு எண்ணினார்.
நான் மனசுக்குள்.
பத்தொன்பது நாள்.

மணி பதினொன்று ஐம்பது.
மேலே ஓடுகிற மின்விசிறியைக் கொஞ்சம் பார்த்தார்.
பிறகு, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல,
"இப்ப இதுக்குப் பண்ணீங்களே,
அந்த மாதிரி..."

முடிக்கவில்லை.
பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை
மடிந்த இடத்திலேயே மடித்து
கவருக்குள் வைத்தார்.
எவ்வளவு என்றார். ஒன்றுமில்லை என்றேன்.
இருபது ரூபாயைக் கீபோர்டுக்கு அடியில் செருகிவிட்டு,
"ரத்தம் கெட்டுடும்கா"
என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு குனிந்து போனார்.

திருத்திய வரியைப் பழையபடி வைக்க மறந்துவிட்டேன்.
மறுநாள் வில்லங்கச் சான்றிதழுக்கு வந்தவருக்கு
மறுபேச்சில்லாமல் திறந்தது தளம்.
இன்னமும் மெஷின்
போகிற இடமெல்லாம் தன்னைப் பத்து என்றே
சொல்லிக்கொண்டிருக்கிறது.

மஞ்சள் பட்டை மட்டும் நம்பவில்லை.