மூன்றாம் உத்தரத்தின் கீழ்

ஆணை வந்த வருஷம்
லீக்கோஸ் ஆற்றங்கரைச் சந்தையில் பலிபீடம் போட்டார்கள்.
நான் அங்கே போகவில்லை.
எழுத்தனிடம் போனேன்.
எட்டு வெள்ளிக்காசு, மேலுக்கு ஒரு சுமை ஆட்டுமயிர்.
நாணல் தாளில் அவன் எழுதினான்:
தேவர்களுக்கு வார்த்தேன், படைத்தேன்,
படைத்ததில் தின்றேன், சாட்சிகள் பார்த்தார்கள்.

ஒரு சொட்டு வார்க்கவில்லை. ஒரு துண்டு தின்னவில்லை.
வாய் சுத்தம் என்று வீட்டுக்கு வந்து
கம்பளி மிதித்தேன்.

எழுத்துத் தெரிந்த ஒருவன் பிற்பாடு படித்துச் சொன்னான்:
தோம்னா என்ற என் பெயர்
அதில் தோம்னோஸ் என்று இருக்கிறதாம். ஆண்பிள்ளைப் பெயர்.
மூப்பரிடம் ஓடினேன்:
"மறுதலித்தது நானில்லை ஐயா, எவனோ தோம்னோஸ்."
அவர் சிரிக்கவில்லை.
எனக்கு முன்பே நாலு பேர்
இதே மாதிரி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

என் நாத்தனார் அம்மியா எழுத்தனிடம் போகவில்லை.
சிறையில் இரண்டு குளிர்காலம்.
திரும்பி வந்தபோது அவள் இடது கை
காலிப் பானையைக்கூடத் தூக்கவில்லை.
ஊர் அவளை அறிக்கையிட்டவள் என்றது,
என்னைச் சீட்டுக்காரி என்றது.
ஒரே அடுப்பில்தான் சமைத்தோம்.

அப்புறம் பதினோரு வருஷம்
நான்கு சொற்களுக்குள் குடியிருந்தேன்.

அழுவோர்.
கதவுக்கு வெளியே, கூரை முடிகிற இடத்தில்.
உள்ளே போகிறவர்களின் அங்கி ஓரத்தைப் பிடித்து
எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும்.
முதல் மாதம் நிஜமாகவே அழுதேன்.
பிறகு கண்ணீர் வரவில்லை,
வெங்காயம் நறுக்கிய கையோடு போனேன்.
அம்மியாவின் ஓரத்தையும் பிடித்தேன்.
தைத்தவள் நானே, என் தையல் என் விரலில் இடறியது.
அவள் நின்றாள்.
"சாயங்காலம் உப்பு வாங்கி வா" என்றாள்.
உள்ளே போனாள்.

கேட்போர்.
முன்மண்டபம் வரை வரலாம்.
வாசிப்பு முடிந்து, ஆயர் பேசி முடிந்து,
தியாக்கோன் குரல் எழுப்பியதும்
திருமுழுக்குக்குக் காத்திருக்கும் புதியவர்களோடு
நானும் வெளியேற வேண்டும்.
கதவு சாத்தியபின் உள்ளே என்ன நடக்கும் என்று
அவர்களுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

விழுவோர்.
நெற்றி தரையில்.
அந்த வீட்டுத் தரையில் எந்தக் கல் எங்கே விரிந்திருக்கிறது,
எந்த விரிசலில் எறும்பு ஏறுகிறது, கேளுங்கள், சொல்கிறேன்.

நிற்போர்.
எல்லாரோடும் நிற்கலாம், எல்லாம் பார்க்கலாம்.
அப்பம் மட்டும் என்னைத் தாண்டிப் போகும்,
அழைக்காமல் வந்தவளைத் தாண்டிப்
பந்தி பரிமாறுகிறவன் போவதுபோல,
முகத்தைப் பார்க்காமல்.

அந்த வருஷம்தான் அம்மியா போய்ச் சேர்ந்தாள்.
குளிப்பாட்டியது நான்.
இடது கையைக் கடைசியாக விட்டுவைத்தேன்.
அவளுக்காக வேண்டிக்கொள் என்று
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்காமலே செய்தேன், உதடு அசையாமல்.

பதினோராம் வருஷம், உயிர்ப்பு நாள் விடியலில்,
கையில் அப்பம்.
சற்றுப் புளிப்பு. ஓரம் கருகல்.
வானம் திறக்கவில்லை.
பல்லிடுக்கில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது,
வீணாக்கக் கூடாதென்று நாக்கால் எடுத்தேன்.

வெளியே மழை.
கூரை முடிகிற இடத்தில் ஒரு பெண்,
புதியவள், பதினெட்டு இருக்கும்.
என்ன செய்தாளோ, நான் கேட்கவில்லை.
என் அங்கியைப் பிடித்தாள்.
எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆயிரம் தடவை நான் சொன்ன வாக்கியம்.
அதற்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும்
எனக்குத் தெரியவே இல்லை.

குனிந்தேன்.
"இங்கே நிற்காதே" என்றேன்.
"மூன்றாம் உத்தரத்தின் கீழ் நில்.
அங்கே ஒழுகாது."